சினைப்பைப் புற்றுநோய்: மாத்திரையா, குழாயை எடுப்பதா, சினைப்பையையே எடுப்பதா?

குழந்தைகள் போதும் என்று முடிவு செய்து கருத்தடை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கும் பெண். கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுக்கப்போகும் பெண். அம்மாவையோ அத்தையையோ சினைப்பைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பெண். இந்த மூவரும் எப்போதாவது ஒரு நாள் டாக்டரிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "இது எனக்கு வராம இருக்க ஏதாவது பண்ண முடியுமா?"

முடியும். ஆனால் மூவருக்கும் பதில் ஒன்றல்ல. கருத்தடை மாத்திரை, கருக்குழாயைக் கட்டுவது, குழாயை முழுதாக எடுத்துவிடுவது, சினைப்பையையும் சேர்த்து எடுப்பது, எதையும் செய்யாமல் ஸ்கேன் பார்த்துக்கொண்டிருப்பது என ஐந்து வழிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். இவற்றில் கடைசியை வழி என்றே சொல்லக்கூடாது என்பது என் கருத்து. மற்ற நான்கில் எது யாருக்குப் பொருந்தும் என்று பார்க்க, பிள்ளைப்பேற்றுக்கும் இந்த நோய்க்கும் என்ன தொடர்பு என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முட்டைக் கணக்கு

1971-இல் மஹ்மூத் ஃபதல்லா என்ற எகிப்திய மகப்பேறு மருத்துவர் லான்செட் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். மாதாமாதம் முட்டை வெளியேறும்போது சினைப்பையின் மேல்தோல் கிழிகிறது, பிறகு ஆறுகிறது. வருடக்கணக்கில் கிழிந்து ஆறிக்கொண்டே இருந்தால், புதிதாக உருவாகும் செல்களில் எங்காவது ஒரு பிழை நுழைந்துவிடலாம். ஓய்வே இல்லாமல் முட்டை வெளியேறுவதுதான் நோய்க்கு வழிவிடுகிறதோ என்பது அவர் எழுப்பிய கேள்வி. கருவுற்றிருக்கும்போது முட்டை வெளியேறாது. தாய்ப்பால் கொடுக்கும் முதல் மாதங்களில் பெரும்பாலும் வெளியேறாது. கருத்தடை மாத்திரை அதை நிறுத்திவைக்கும். இந்த மூன்றுமே ஆபத்தைக் குறைக்கின்றன என்று பின்னால் வந்த ஆய்வுகள் வரிசையாகக் காட்டின.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒரு இடத்தில் இடிக்கிறது. 12 வயதில் பூப்பெய்தி 50 வயதில் மாதவிடாய் நிற்கும் பெண்ணுக்கு, இடையில் கர்ப்பமே இல்லையென்றால், சுமார் 490 சுழற்சிகள். மூன்று பிள்ளை பெற்று, ஒவ்வொரு முறையும் பால் கொடுத்த காலத்தில் ஆறு மாதம் மாதவிடாய் வராமலிருந்தால், குறைவது சுமார் 50 சுழற்சி. அதாவது பத்து சதவீதம். ஆபத்து குறைவதோ 30 சதவீதத்துக்கும் மேலே. ஆகவே முட்டையை எண்ணினால் மட்டும் போதாது, வேறு ஏதோ சேர்ந்து வேலை செய்கிறது. கர்ப்ப காலத்தில் ஏகமாக ஊறும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன், ஏற்கனவே பழுதான செல்களைச் சாகவைத்து அப்புறப்படுத்துகிறது என்று ஒரு கருத்து உண்டு. கடைசிப் பிள்ளையை முப்பதுகளின் பிற்பகுதியில் பெற்றவர்களுக்குப் பாதுகாப்பு கூடுதலாகத் தெரிவது இந்தக் கருத்தோடு ஒத்துப்போகிறது. வயது ஏறஏறப் பழுதான செல்கள் கூடியிருக்கும் அல்லவா, கூட்டிப் பெருக்க வேண்டிய குப்பையும் அப்போதுதான் அதிகம்.

பிள்ளை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் மொத்தத்தில் 30 சதவீதம் அளவில் வருகிறது. முதல் பிரசவத்தில்தான் பெரும் பங்கு. அடுத்தடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. தாய்ப்பாலைப் பற்றி 2020-இல் 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு வந்தது. பிள்ளை பெற்றவர்களுக்குள்ளேயே, பால் கொடுத்தவர்களுக்கு 24 சதவீதம் குறைவு. ஒரு பிள்ளைக்குச் சராசரியாக 12 மாதமோ அதற்கு மேலோ கொடுத்தவர்களுக்கு 34 சதவீதம். மூன்று மாதத்துக்கும் குறைவாகக் கொடுத்தவர்களுக்குக்கூடப் பலன் தெரிந்தது. மிகவும் கொடிய வகையான உயர்நிலை சீரஸ் புற்றுநோயிலும் இந்தப் பலன் இருந்தது என்பது முக்கியம். ஏனென்றால் பிரசவம் தரும் பாதுகாப்பு அந்த வகையில் சற்றுக் குறைவு. எண்டோமெட்ரியாய்டு, தெளிசெல் என்ற வகைகளில்தான் அதிகம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் "பிள்ளை பெற்றுக்கொள்" என்று ஒரு பெண்ணை நெருக்குவதற்கான ஆயுதமல்ல. நூறு பெண்களில் வாழ்நாளில் ஒருவருக்கு, கொஞ்சம் கூட்டிச் சொன்னால் 1.3 பேருக்கு, வரும் நோய் இது. பிள்ளை பெறாதவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தாலும் நூற்றுக்கு இரண்டைத் தொடாது. திருமணமாகாதவர், குழந்தையில்லாதவர், வேண்டாமென்று இருப்பவர் யாராயிருந்தாலும் நூறில் 98 பேருக்கு மேல் இந்த நோயைப் பார்க்கப்போவதில்லை. புற்றுநோய்க்குப் பயந்து யாரும் பிள்ளை பெற வேண்டியதில்லை. பெற்றவர் பால் கொடுக்கக் காரணங்கள் ஏராளம், இது அவற்றில் ஒன்று, அவ்வளவுதான்.

குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு இன்னொரு பயம் உண்டு: அந்த ஊசி மருந்துகள் புற்றுநோயைக் கொண்டுவந்துவிடுமோ என்று. டென்மார்க்கில் 54,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான ஆய்வில் அப்படி நம்பத்தகுந்த தொடர்பு தென்படவில்லை. கருத்தரிக்க முடியாமல் போவதற்கான மூல காரணங்களில் சில, முக்கியமாக எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது), ஆபத்தைக் கூட்டுவது உண்மை. 2024-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு நான்கு மடங்கு ஆபத்து என்றது. தலைப்புச் செய்தியில் நான்கு மடங்கு என்று படித்தால் அடிவயிறு கலங்கும். அதே ஆய்வில் உள்ள இன்னொரு எண்ணையும் படிக்க வேண்டும்: பத்தாயிரம் பெண்களுக்குக் கூடுதலாக வருவது சுமார் பத்துப் பேருக்கு.

மாத்திரை

நான்கு வழிகளில் மிக நன்றாக ஆராயப்பட்டது இதுதான். 2008-இல் 21 நாடுகளிலிருந்து 45 ஆய்வுகளைத் திரட்டி, 23,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தகவல்களை அலசினார்கள். ஐந்து வருடம் மாத்திரை எடுத்தால் ஆபத்து சுமார் 20 சதவீதம் குறைகிறது. பதினைந்து வருடம் எடுத்தால் பாதியாகிறது. நிறுத்திய பிறகும் முப்பது வருடம் வரை, தேய்ந்துகொண்டே போனாலும், பலன் மிஞ்சி நிற்கிறது. இருபதுகளில் விழுங்கிய மாத்திரை ஐம்பதுகளில் காக்கிறது என்றால் மருத்துவத்தில் அது அபூர்வம்தான்.

சரி, எல்லோரும் விழுங்கலாமா? அந்த ஆய்வே தரும் மற்ற எண்களைப் பார்ப்போம். பத்து வருடம் மாத்திரை எடுத்தால், 75 வயதுக்குள் நோய் வருபவர்கள் நூற்றுக்கு 1.2 என்பதிலிருந்து 0.8 ஆகிறார்கள். இறப்பவர்கள் 0.7-இலிருந்து 0.5. ஆயிரம் பேர் பத்து வருடம் விழுங்கினால் நான்கு பேருக்கு நோய் தவிர்கிறது, இரண்டு உயிர் தப்புகிறது. நல்ல எண்தான். ஆனால் மறுபக்கத்தையும் எடைபோட வேண்டும். மாத்திரை எடுக்கும் காலத்தில் மார்பகப் புற்றுநோய் ஆபத்து சுமார் 20 சதவீதம் கூடுகிறது. நிறுத்திப் பத்து வருடத்தில் அது மறைகிறது. ஐந்து வருடத்துக்கு மேல் எடுத்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆபத்தும் கூடுகிறது, அதுவும் நிறுத்தினால் இறங்கிவிடும். ரத்தநாளங்களில் ரத்தம் உறைவது, எடுக்காதவர்களில் வருடத்துக்குப் பத்தாயிரத்தில் 2 பேருக்கு என்றால், எடுப்பவர்களில் மாத்திரையின் வகையைப் பொறுத்து 5 முதல் 12 பேருக்கு. அதே சமயம் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் குறைகிறது என்பதை வரவுப் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

35 வயதைத் தாண்டிய புகைபிடிப்பவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், கண்முன் மின்னல் வெட்டுவதுபோல் வந்து பிறகு ஒற்றைத் தலைவலி பிடிப்பவர்கள், ஏற்கனவே காலின் ரத்தநாளத்தில் ரத்தம் உறைந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் எல்லோருக்கும் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகாது.

என் தீர்ப்பு இது: கருத்தடைக்காகவோ, மாதவிடாய்த் தொல்லைக்காகவோ மாத்திரை எடுக்கலாமா என்று யோசிப்பவருக்கு, சினைப்பைப் பாதுகாப்பு தராசில் ஒரு நல்ல எடைக்கல். ஆனால் வேறு எந்தத் தேவையும் இல்லாதவர், புற்றுநோயைத் தடுக்க மட்டும் வருடக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டியதில்லை. கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் காயிலிலும் ஓரளவு பலன் இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. மாத்திரைக்கு இருக்கும் அளவு சான்று அதற்கு இன்னும் சேரவில்லை.

குழாயில் இருந்த திருடன்

பெயர் சினைப்பைப் புற்றுநோய். ஆனால் அதில் பெரும்பகுதி சினைப்பையில் தொடங்குவதே இல்லை என்பது இந்த நூற்றாண்டில்தான் தெரியவந்தது.

மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைப் பரம்பரையாகக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பிறழ்வு உள்ள பெண்கள் முன்னெச்சரிக்கையாகச் சினைப்பைகளையும் குழாய்களையும் எடுத்துக்கொள்வார்கள். ஆய்வகத்தில் சினைப்பையைத்தான் துருவிப் பார்ப்பார்கள். குழாயின் நடுவிலிருந்து ஒப்புக்கு ஒரு துண்டை வெட்டிப் பார்த்துவிட்டு மீதியைத் தள்ளிவிடுவார்கள். 2001-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அப்படி எடுக்கப்பட்ட குழாய்களைக் கவனமாகப் பார்த்தபோது, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் அங்கே இருந்தன. பிறகு பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஒரு முறையை வகுத்தார்கள். சினைப்பையை ஒட்டியிருக்கும் குழாயின் முனை, விரல்கள் விரித்ததுபோல் குஞ்சம் குஞ்சமாக இருக்கும். அந்தக் குஞ்சத்தை நீளவாக்கில் பிளந்து, மீதிக் குழாயை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டாக நறுக்கி, ஒரு துண்டு விடாமல் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், வெறும் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த குஞ்சத்தின் மேல்தோலில், சில செல்கள் அகலத்துக்கு ஒரு சிறு திட்டு. அங்கிருந்து உதிரும் செல்கள்தான் பக்கத்துச் சினைப்பையில் போய் ஒட்டி வளர்கின்றன. உயர்நிலை சீரஸ் வகையில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் ஊற்றுக்கண் என்று இன்று ஏற்றுக்கொள்ளப்படுகிறது. அந்தத் திட்டு உருவாகிச் சினைப்பையில் புற்றாகச் சராசரியாக ஆறரை வருடம் ஆகிறது என்று, சில நோயாளிகளின் திசுக்களை வைத்துச் செய்த மரபணு ஆய்வு ஒன்று கணித்தது.

அப்படியானால் ஃபதல்லாவின் முட்டைக் கணக்கு பொய்யா? இல்லை. முட்டை வெடித்து வரும்போது கூடவே கொட்டும் திரவம் நேராக அந்தக் குஞ்சத்தைத்தான் நனைக்கிறது. செல்களைக் காயப்படுத்தும் பொருள்களும், வளரத் தூண்டும் பொருள்களும் அதில் உண்டு. முட்டை வெளியேறுவது குறைந்தால் குஞ்சம் நனைவதும் குறைகிறது. காயம் படும் இடம்தான் மாறியிருக்கிறது.

இது தெரிந்த பிறகு, கட்டுவதா எடுப்பதா என்ற கேள்விக்குப் புது அர்த்தம் வந்துவிட்டது. குழாயைக் கட்டும்போதோ, நடுவில் சிறு பகுதியை வெட்டும்போதோ, குஞ்சம் அப்படியே உள்ளே இருக்கிறது. கட்டியவர்களுக்கும் ஆபத்து மொத்தத்தில் 30 சதவீதம் அளவுக்குக் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அதில் பெரும்பங்கு எண்டோமெட்ரியாய்டு, தெளிசெல் வகைகளில். கர்ப்பப்பையிலிருந்து செல்கள் பின்வழியாக ஏறி வருவதைக் கட்டு தடுக்கிறது என்று விளக்குகிறார்கள். உயிரை அதிகம் வாங்கும் உயர்நிலை சீரஸில் பலன் சிறியது. குழாயை முழுதாக, குஞ்சத்தோடு எடுத்தால் ஊற்றுக்கண்ணே போய்விடுகிறது.

எண்கள்? டென்மார்க் பதிவேடுகளில் இரண்டு பக்கக் குழாய்களும் எடுக்கப்பட்டவர்களுக்கு 42 சதவீதம் குறைவு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2010-இலிருந்தே, வேறு காரணத்துக்காக வயிற்றைத் திறக்கும்போது குழாய்களையும் எடுத்துவிடுங்கள் என்று மகப்பேறு மருத்துவர்களிடம் பிரசாரம் செய்தார்கள். அப்படி எடுத்துக்கொண்ட 25,889 பெண்களைப் பற்றி 2022-இல் அறிக்கை வந்தது. சீரஸ் வகை ஐந்து பேருக்காவது வந்திருக்க வேண்டிய கூட்டத்தில் ஒருவருக்கும் வரவில்லை. இதில் ஒரு குறையும் உண்டு: அந்தப் பெண்கள் இன்னும் இளவயதினர், பின்தொடர்ந்த காலமும் குறைவு. நோய் உச்சத்தில் வரும் வயது அறுபதுகள். அந்த வயதை அவர்கள் எட்டும்போதுதான் முழுப் படம் தெரியும்.

கூடுதல் செலவு என்ன? கருத்தடை ஆபரேஷனில் சுமார் பத்து நிமிடமும், கர்ப்பப்பையை எடுக்கும்போது பதினாறு நிமிடமும் கூடுதலாகப் பிடிக்கிறது என்று அதே மாகாணத்தில் கணக்கெடுத்தார்கள். ரத்தம் ஏற்றுவதோ, மீண்டும் மருத்துவமனையில் சேர்வதோ கூடவில்லை. குழாயில் ஹார்மோன் சுரப்பதில்லை. ஆகவே சினைப்பைகள் வழக்கம்போல் வேலை செய்யும், மாதவிடாயும் வரும். குழாயை எடுக்கும்போது சினைப்பைக்குப் போகும் ரத்த ஓட்டம் சற்றுக் குறைந்து மெனோபாஸ் கொஞ்சம் முந்திவிடுமோ என்ற சந்தேகத்தை ஆய்வாளர்கள் இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். குறுகிய கால ஆய்வுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை.

முக்கியமான இழப்பு ஒன்றுதான்: இதைத் திருப்ப முடியாது. கட்டிய குழாயைச் சில சமயம் மறுபடி இணைக்கலாம், எடுத்த குழாயை ஒட்ட முடியாது. அதன்பின் குழந்தை வேண்டுமென்றால் ஐ.வி.எஃப். ஒன்றுதான். மனது முழுதாகத் தெளிவாகாதவர் இந்தப் பக்கம் வரவே கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், கருத்தடைதான் ஒரே நோக்கம் என்றால் கணவர் வாசெக்டமி செய்துகொள்வது இதைவிட எளிது, ஆபத்தும் குறைவு. அந்தப் பேச்சை வீட்டில் எடுக்காமலேயே பெண் ஆபரேஷன் மேசைக்குப் போவது வழக்கமாகிவிட்டது.

பெண்தான் செய்துகொள்கிறார், குழந்தை இனி வேண்டாம் என்பதும் உறுதி என்றால், கட்டுவதைவிட எடுப்பதே மேல் என்பேன். சில ஆபரேஷன் முறைகளில் குழாயின் குஞ்சம்வரை எட்டுவது சிரமம், பழைய ஆபரேஷன்களால் உள்ளே எல்லாம் ஒட்டிக்கிடக்கலாம். அப்போது வலிந்து எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கேள்வியை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்: "டாக்டர், கட்டுறதுக்குப் பதிலா ரெண்டு குழாயையும் முழுசா எடுத்துட முடியுமா?" மயக்க மருந்து கொடுத்த பிறகு கேட்க முடியாது.

ஒன்று மட்டும்: வேறு காரணமே இல்லாமல், குடும்பத்தில் யாருக்கும் நோயில்லாத பெண் குழாயை எடுப்பதற்கென்றே வயிற்றில் ஆபரேஷன் செய்துகொள்ளத் தேவையில்லை. "வேறு வேலைக்காகத் திறக்கும்போது" என்பதுதான் இந்த வழியின் முழு நியாயமும்.

சினைப்பையையும் எடுத்துவிட்டால்?

"அதான் கர்ப்பப்பையை எடுக்குறோமே, அதையும் சேர்த்து எடுத்துட்டா நிம்மதி" என்று உறவினர்கள் சொல்வார்கள். பழைய தலைமுறை மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். சராசரி ஆபத்து உள்ள, மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு இது தவறான பேரம்.

அமெரிக்கச் செவிலியர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், கர்ப்பப்பை எடுத்த 29,380 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்து 2009-இல் வெளியிட்டார்கள். சினைப்பையையும் எடுத்தவர்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது, மார்பகப் புற்றுநோயும் குறைந்தது. ஆனால் இதய நோய் கூடியது, எல்லாக் காரணங்களாலும் ஏற்படும் மொத்த இறப்பு கூடியது. எந்த வயதில் எடுத்திருந்தாலும் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. காரணம் ஈஸ்ட்ரோஜன். நாற்பது வயதில் அது ஒரே நாளில் நின்றுபோனால் உடல் அனலாய்க் கொதிப்பது, தூக்கம் போவது, உடலுறவில் வறட்சி எல்லாம் உடனே தெரியும். எலும்பு மெலிவதும் ரத்தக்குழாய்கள் கெடுவதும் சத்தமில்லாமல் நடக்கும். நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கும் குறைவாக வரும் நோயைத் தடுக்க, மிகப் பலருக்கு வரும் இதய நோயை விலைக்கு வாங்குவதாக இது முடியும். குழாயை எடுத்து, சினைப்பையை விட்டுவைப்பதே சராசரிப் பெண்ணுக்குச் சரியான இடைவழி. மாதவிடாய் நின்று பல வருடமான பிறகு கர்ப்பப்பையை எடுப்பவருக்கு இந்தக் கணக்கு சற்று நெகிழும், அதை டாக்டரோடு பேசித் தீர்மானிக்கலாம்.

மரபணுப் பிறழ்வு உள்ளவர்களுக்கு எல்லாமே தலைகீழ். 2017-இல் வெளியான பெரிய ஆய்வின்படி, பி.ஆர்.சி.ஏ. 1 பிறழ்வு உள்ளவர்களில் 80 வயதுக்குள் நூற்றுக்கு 44 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோய் வருகிறது. பி.ஆர்.சி.ஏ. 2-இல் 17 பேருக்கு. இங்கே குழாய்களோடு சினைப்பைகளையும் எடுப்பது ஆபத்தை 80 சதவீதம் வரை குறைக்கிறது, ஆயுளையும் கூட்டுகிறது. பிள்ளைப்பேறு முடிந்தபின், முதல் வகையினர் 35 முதல் 40 வயதுக்குள்ளும், இரண்டாம் வகையினர் 40 முதல் 45 வயதுக்குள்ளும் செய்துகொள்ள வேண்டும் என்பது பரவலான வழிகாட்டுதல். மார்பகப் புற்றுநோய் வராதவராக இருந்தால், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் மாற்று சிகிச்சை எடுத்துக்கொண்டு எலும்பையும் இதயத்தையும் காத்துக்கொள்ளலாம். அந்தச் சிகிச்சையே புற்றுநோயைக் கொண்டுவரும் என்று பயந்து மறுப்பவர்கள், அது இயற்கையாக இருந்திருக்க வேண்டிய ஹார்மோனைத்தான் ஈடுசெய்கிறது என்பதை டாக்டரிடம் நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது குழாயை எடுத்துவிட்டு, சில வருடம் கழித்துச் சினைப்பையை எடுக்கலாமே என்று மரபணுப் பிறழ்வு உள்ள இளம்பெண்கள் கேட்பது நியாயம். நெதர்லாந்தில் அப்படிச் செய்தவர்களின் அன்றாட வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது. ஆனால் புற்றுநோயை அது சமமாகத் தடுக்கிறதா என்பதற்கான ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன. அதுவரை ஆய்வில் சேர்ந்து செய்துகொள்வது ஒரு வழி. அதையே முழுப் பாதுகாப்பு என்று நம்பி இரண்டாவது ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவது ஆபத்து. இவர்களுக்கும் மாத்திரை பலன் தருகிறது, ஆபத்தைப் பாதி அளவு குறைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் 44-இல் பாதி போனாலும் 22 மிஞ்சும். ஆபரேஷன் வயது வரும்வரை அது துணை, மாற்று அல்ல.

ஸ்கேனை நம்பலாமா

வருடா வருடம் ஸ்கேனும், இந்த நோயில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டால் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம் என்று தோன்றும். இரண்டு பெரிய ஆய்வுகள் இதைச் சோதித்துவிட்டன. அமெரிக்காவில் 78,000 பெண்களிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில் இறப்பு குறையவில்லை. நோயே இல்லாமல் "சந்தேகம்" என்று முடிவு வந்தவர்கள் 3,285 பேர். அவர்களில் 1,080 பேருக்கு ஆபரேஷன் நடந்தது, அதில் 163 பேருக்குக் கடுமையான சிக்கல். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வின் இறுதி முடிவு 2021-இல் வந்தது. நோயைக் கொஞ்சம் முன்னதாகப் பிடித்தார்கள், ஆனால் அதனால் இறப்பு குறையவில்லை. குழாயின் குஞ்சத்தில் செல் அளவில் ஒளிந்திருக்கும் திட்டு ஸ்கேனில் தெரியாது என்பதை வைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. அறிகுறி இல்லாத, சராசரி ஆபத்துள்ள பெண்ணுக்கு இந்தப் பரிசோதனைகள் நிம்மதியை விற்கின்றன, பாதுகாப்பை அல்ல.

எங்கிருந்து தொடங்குவது

முதலில் செய்ய வேண்டியது ஸ்கேனுமல்ல, ஆபரேஷனுமல்ல. ஒரு தாளை எடுத்துக் குடும்பத்தில் யார் யாருக்கு எந்தப் புற்றுநோய், எந்த வயதில் என்று எழுதுவது. அம்மா வழியை எல்லோரும் எழுதிவிடுவார்கள், அப்பா வழியை விட்டுவிடுவார்கள். பி.ஆர்.சி.ஏ. பிறழ்வு அப்பாவிடமிருந்தும் அதே அளவு வாய்ப்போடு வரும். அத்தைக்கும் அப்பாயிக்கும் வந்த மார்பக, சினைப்பைப் புற்றுநோய் உங்கள் கணக்கில் சேரும். ஆண்களுக்கு வந்த மார்பகப் புற்றுநோய், இளவயதில் வந்த புராஸ்டேட், கணையப் புற்றுநோய்களும் சேரும். பெருங்குடல், கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய்கள் ஒரே குடும்பத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அது லிஞ்ச் என்ற வேறொரு பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் மரபணு ஆலோசனை கேளுங்கள். கூடுமானால் நோய் வந்த உறவினருக்கே முதலில் பரிசோதனை செய்வது நல்லது. அவரிடம் பிறழ்வு இருக்கிறதா என்று தெரிந்தால்தான் மற்றவர்களுக்கு வரும் "இல்லை" என்ற முடிவுக்கு அர்த்தம் இருக்கும்.

பிறழ்வு இருக்கிறது என்று தெரிந்தால், சினைப்பையையும் குழாயையும் எடுக்கும் வழியை வயதுக்கேற்பத் திட்டமிட வேண்டும், பிள்ளை வேண்டுமா என்ற கேள்வியை அதற்கு முன் தீர்த்துக்கொள்ள வேண்டும். எடுத்த உறுப்புகளை மேலே சொன்னபடி குஞ்சத்தோடு முழுதாக நறுக்கிப் பார்க்கச் சொல்லி ஆய்வகத்துக்கு எழுதச் சொல்லுங்கள். வெளியே தெரியாத ஆரம்பப் புற்று நூற்றில் சிலரிடம் அப்போது அகப்படுகிறது.

பிறழ்வு இல்லாத, கருத்தடையோ கர்ப்பப்பை ஆபரேஷனோ எதிரே இருக்கும் பெண்ணுக்குக் குழாய்கள் இரண்டும் போகலாம், சினைப்பைகள் இருக்கட்டும். எந்த ஆபரேஷனும் எதிரே இல்லாதவருக்கு இப்போது எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆபத்து சுழியாவதில்லை. சினைப்பையும் குழாயும் எடுத்தபிறகும் வயிற்று உட்சவ்வில் அதே வகைப் புற்று அபூர்வமாக வரலாம். வயிறு ஊதிப்போன உணர்வு, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் முட்டுவது ஆகியவை புதிதாகத் தொடங்கி மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால், அதுவும் ஐம்பது வயதைத் தாண்டியவராக இருந்தால், "வாயுக் கோளாறு" என்று மருந்துக்கடை மாத்திரையோடு நிறுத்திவிடாமல் மகப்பேறு மருத்துவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில் ஸ்கேனும் சிஏ-125-உம் முழுக்கத் தேவையானவை.